தம் கையில் வைத்ததும் பிறர் கையில் விட்டதும்: மைக்ரோசாப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் வளர்ச்சி



2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை மூடியபோது, ஆப்பிள் நிறுவனத்துப் பங்குகளின் மொத்த மதிப்பு மைக்ரோசாப்ட் நிறுவனத்தினுடையதைத் தாண்டியிருந்தது. இடையில் ஓரிரு முறை முன்பின்னாக மாறி, 2024 ஜனவரியில் அதே சந்தை மைக்ரோசாப்டை மீண்டும் முதல் ஸ்தானத்தில் அமர்த்திற்று. இரண்டு சந்தர்ப்பங்களிலும் உலகத்துப் பத்திரிகைகள், ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்ற பாவனையிலேயே எழுதின. பங்கு மதிப்பென்பது, ஒரு நிறுவனம் இனி ஈட்டப்போகும் இலாபத்தைப் பற்றி அதன் பங்குகளை வாங்குவோரும் விற்போரும் இன்றைக்குக் கொண்டிருக்கும் நம்பிக்கையின் அளவு. அந்த நம்பிக்கை அசைந்தால், எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு செங்கல்கூடப் பெயராமல், பல ஆயிரம் கோடி டாலர் ஒரே பகலில் கூடவும் குறையவும் காண்கிறோம். அந்த அளவையை அறவே ஒதுக்கிவிட வேண்டுமென்பது என் வாதமன்று. வளர்ச்சி நேர்ந்தது என்பதை அது சொல்லும்; எவ்வாறு நேர்ந்தது, யாருடைய உழைப்பின்மேல் நேர்ந்தது என்பவற்றைச் சொல்ல அதற்கு நாவில்லை.

ஆதலின் வேறோர் அளவையைக் கொண்டு இவ்விரு நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒரு கணிப்பொறி ஒருவருடைய மேசைக்கு வந்து சேர்வதற்குள் நடந்தேற வேண்டிய காரியங்கள் பல. சில்லு வடிக்க வேண்டும். உறுப்புகளைப் பூட்ட வேண்டும். யந்திரத்தை இயக்கும் மென்பொருளை எழுத வேண்டும். அதன்மேல் கணக்கெழுதவும் கடிதமெழுதவும் உதவும் மென்பொருள்கள் வேண்டும். கடை வைத்து விற்க வேண்டும். இவற்றுள் எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பிறர் கையில் விடுவது என்று ஒரு நிறுவனம் காலத்துக்குக் காலம் செய்துகொள்ளும் தீர்மானத்திலேதான் அதன் வளர்ச்சியின் ரகசியம் அடங்கியிருக்கிறது என்பது என் சித்தாந்தம். மைக்ரோசாப்டும் ஆப்பிளும் தொடக்கத்தில் நேர் எதிரான தீர்மானங்களைச் செய்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஏறக்குறைய ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கிறது.

மைக்ரோசாப்ட் பிறந்தது 1975 ஏப்ரலில், நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில். அங்கே ஒரு சிறு நிறுவனம் ஆல்டேர் 8800 என்ற பெயரில், பொழுதுபோக்காளர் தாமே பூட்டிக்கொள்ளத்தக்க கணிப்பொறி ஒன்றை விற்கத் தொடங்கியிருந்தது. பத்தொன்பது வயது பில் கேட்ஸும் இருபத்திரண்டு வயது பால் ஆலனும், அந்த யந்திரத்தைக் கண்ணால் காணாமலே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறியில் அதன் நடத்தையைப் போலி செய்து, அதற்கென்று பேசிக் என்னும் நிரல்மொழியின் வடிவம் ஒன்றை எழுதி முடித்தார்கள். காகித நாடாவில் துளையிட்ட அம்மென்பொருளோடு ஆலன் அல்புகர்க்கிக்குப் பறந்து போய், முதன்முதலாக உண்மையான யந்திரத்தில் அதை ஏற்றியபோது அது வேலை செய்தது. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தைவிடச் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தது, 1976 பிப்ரவரியில் கேட்ஸ் எழுதிய ஒரு பகிரங்கக் கடிதம். பேசிக் மொழியை விலை கொடுக்காமல் நாடாவுக்கு நாடா படியெடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்த பொழுதுபோக்காளரைக் கண்டித்து எழுதப்பட்ட கடிதம் அது. அக்காலத்தில் மென்பொருள் யந்திரத்தோடு சேர்ந்து வருவது, அல்லது நண்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது என்றே அந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். யந்திரத்தினின்று வேறான ஒரு சொத்து அது, அதற்குத் தனி விலை உண்டு என்ற உரிமைக்குரலை இருபது வயது இளைஞர் ஒருவர் எழுப்பியதில்தான் மைக்ரோசாப்டின் பிற்கால வளர்ச்சி முழுவதும் வித்தாக இருந்தது என்று கருதுகிறேன்.

ஆப்பிள் அதற்கு ஓராண்டு இளையது. 1976 ஏப்ரல் முதல் தேதி அதன் ஜனனம். ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த மின்சுற்றுப் பலகையை 666 டாலர் 66 சென்ட் விலைக்கு விற்றதே அதன் முதல் வியாபாரம். கூட்டாளிகளில் மூன்றாமவரான ரொனால்டு வெய்ன், பதினோரு நாள் கழித்துத் தம்முடைய பத்து சதவீதப் பங்கை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்துப் பிரிந்தார். அதனை அறியாமை என்று இன்று பலரும் சொல்வது நியாயமன்று. வியாபாரம் நொடித்தால் கடன்காரர் பற்றக்கூடிய சொத்து அவர் ஒருவரிடமே இருந்தது. மறு ஆண்டில் வந்த ஆப்பிள் II, பலகையாக வராமல், பெட்டியும் விசைப்பலகையும் வர்ணப் படமும் கூடிய முழு யந்திரமாக வந்தது. எல்லாவற்றையும் தானே வடித்து, ஒரே பொருளாக விற்பது என்னும், மற்றொரு கூட்டாளியான ஸ்டீவ் ஜாப்ஸின் நோக்கம் அதில் முதன்முதலாக உருக்கொண்டது. ஆயினும் அந்த யந்திரம் அலுவலகங்களுக்குள் புகுந்ததற்கு முதற்காரணம், டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் வெளியார் இருவர் எழுதி 1979இல் வெளிவந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களெல்லாம் தாமே மாறும் அதிசயத்தைக் கண்ட கணக்கர்கள், அந்த மென்பொருளுக்காகவே யந்திரத்தை வாங்கினார்கள். எல்லாம் தன் கைக்குள் என்ற நிறுவனத்துக்கும் முதல் ஏற்றம் பிறர் கையால் வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி 1980, 1981ஆம் ஆண்டுகளின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கணிப்பொறி உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஐ.பி.எம்., சிறு கணிப்பொறிச் சந்தையில் ஆப்பிள் முதலியோர் பெருகுவதைக் கண்டு, புளோரிடாவின் போகா ராட்டன் நகரில் ஒரு குழுவை அமைத்து, ஓராண்டுக்குள் தனக்கென்று ஒரு மேசைக் கணிப்பொறி வேண்டும் என்று பணித்தது. தன் வழக்கத்துக்கு மாறாக, அவசரத்தின் நிமித்தம், மூளையாகிய சில்லை இன்டெல் நிறுவனத்திடமும் இயங்குதளத்தை மைக்ரோசாப்டிடமும் அது வெளியிலிருந்தே பெற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவெனில், மைக்ரோசாப்டிடம் அப்போது அத்தகைய இயங்குதளம் ஒன்றுமில்லை. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றில் டிம் பேட்டர்சன் என்பவர் எழுதிவைத்திருந்த ஒன்றின் முழு உரிமையை, 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து அது வாங்கிச் செப்பனிட்டுக் கொடுத்தது. ஐ.பி.எம். அதைத் தன் யந்திரத்தோடு விற்கலாம். ஆனால் அதே இயங்குதளத்தைப் பிறருக்கும் விற்கும் உரிமை மைக்ரோசாப்டிடமே நின்றது. அந்த ஒரு வாசகத்தின் கனத்தை ஐ.பி.எம். அன்று உணரவில்லை. யந்திரம் செய்பவனே ராஜா, மென்பொருள் அவனுக்குக் கைகட்டி நிற்பது என்ற முப்பதாண்டு அனுபவம் அதன் கண்ணை மறைத்தது.

1981 ஆகஸ்டு 12ஆம் தேதி வெளிவந்த அந்த யந்திரத்தை, மறு ஆண்டே காம்பாக் என்ற புதிய நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்ட முறையில் ஒத்த யந்திரமாகச் செய்து காட்டிற்று. பின்னர்ப் பலப்பல நாடுகளில் பற்பலர் செய்தனர். அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்தனர், இலாபம் சுருங்கியது, சிலர் மறைந்தனர். ஒவ்வொருவருக்கும் வேண்டியிருந்த இயங்குதளத்துக்கு மட்டும் பெரிய போட்டியில்லை. ஏரிப் பாசனத்தில் வயலுக்கு உரியவர் பலராக இருந்து, மதகு ஒருவர் வசம் இருந்தால், எந்த வயல் விளைந்தாலும் எது காய்ந்தாலும் அவருக்கு ஒன்றுதான். மைக்ரோசாப்ட் பெற்ற ஸ்தானம் அது. மென்பொருளின் முதற்படியை எழுதத்தான் உழைப்பும் செலவும். இரண்டாம் படி முதல் கோடியாவது படி வரை செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொழிற்சாலை இல்லை, கிடங்கு இல்லை, பழுதான பெட்டியைத் திரும்பப் பெறும் தொல்லை இல்லை. 1986 மார்ச்சில் 21 டாலர் விலையில் பொதுமக்களுக்குப் பங்கு விற்ற அந்நிறுவனம், கைநழுவவிட்டவையெல்லாம் பாரமாகவும் கைவசம் வைத்திருந்தது ஒன்றே பலமாகவும் அமைந்த அபூர்வ நிலையில் இருந்தது.

ஆப்பிளோ எதிர்த்திசையில் நடந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில், திரையில் சித்திரங்களும் சாளரங்களும், அவற்றைத் தொட்டுக்காட்ட மேசைமேல் உருளும் சிறு கருவியுமாகக் கண்ட புதுமையை 1979 இறுதியில் நேரில் பார்த்துவந்த ஜாப்ஸ், அதனினும் எளிதாக, அழகாக, எளியோரும் கையாளத்தக்கதாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்று பிடிவாதமாக உழைத்ததன் பயன், 1984 ஜனவரி 24ஆம் தேதி கூப்பர்டினோவில் மேடையேறிய மெக்கின்டோஷ். ஒரு துணிப்பையிலிருந்து அவர் அதை எடுத்து மேசைமேல் வைக்க, அது தன் யந்திரக் குரலில் தானே பேசித் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. மண்டபம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அதைச் செய்வதற்கென்று பிரிமான்ட் நகரில் எழுப்பிய தொழிற்சாலையில் சுவர்களுக்கு வெள்ளை வர்ணமும் யந்திரங்களுக்குப் பளிச்சென்ற வர்ணங்களும் பூசவைத்து, அந்த ஒழுங்கைத் தாமே மேற்பார்த்தார் ஜாப்ஸ். பொருளின் உட்புறமும், அது பிறக்கும் கூடமும்கூடத் தம் கையில் இருக்க வேண்டும் என்ற அந்தச் சிரத்தையை நான் மதிக்கிறேன். அதனை வீண் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அந்த யந்திரத்துக்கு மென்பொருள் எழுதிய வெளியாருள் முதன்மையானவர் யார் என்றால், மைக்ரோசாப்டே. இன்று உலகத்து அலுவலகங்களெல்லாம் கையாளும் எக்செல், 1985இல் முதன்முதலாக வெளிவந்தது மெக்கின்டோஷுக்குத்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் கேட்ஸ், ஆப்பிளின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: மெக்கின்டோஷின் மென்பொருளைப் பிற யந்திரக்காரர்களுக்கும் உரிமம் கொடுத்து விடுங்கள், அப்போதுதான் அது உலகப் பொதுவாகும் என்பது அதன் சாரம். ஆப்பிள் இணங்கவில்லை. செப்டம்பரில் ஜாப்ஸ் தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு நீங்கினார்; நவம்பரில் விண்டோஸ் முதற்பதிப்பு வெளிவந்தது. தன் திரையின் தோற்றத்தைக் களவாடிவிட்டதாக 1988இல் ஆப்பிள் தொடுத்த வழக்கு பல ஆண்டு நடந்து தோற்றது. 1990இன் விண்டோஸ் 3.0, 1995இன் விண்டோஸ் 95 ஆகியவற்றுக்குப் பின், மேசைக் கணிப்பொறி என்றாலே விண்டோஸ் என்றாயிற்று.

1985இல் உரிமம் கொடுக்க மறுத்ததே ஆப்பிளின் மாபெரும் பிழை என்று எழுதாத நூலாசிரியர் இல்லை எனலாம். எனக்கு அந்த அபிப்பிராயத்தில் முழு உடன்பாடில்லை. பத்தாண்டு கழித்து, 1995இல், ஆப்பிள் அந்த வழியையும் நடந்து பார்த்தது. உரிமம் பெற்றவர்கள் புதிய வாடிக்கையாளரைத் தேடிக் கொணராமல், ஆப்பிளிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே விலை குறைத்து விற்றனர். மதகு வைத்திருப்பவர் வயலும் உழ முடியாது. இரண்டில் ஒன்றுக்கு நிறுவனத்தின் அமைப்பு, கணக்கு, பழக்கம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஆப்பிள் 1985இல் வேறு நிறுவனமாக மாறியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் 2007இல் ஐபோனைச் செய்த கை அதனிடம் இருந்திராது.

வீழ்ச்சி உண்மையாகவே வந்தது. 1997 நிதியாண்டில் ஆப்பிளின் நஷ்டம் நூறு கோடி டாலருக்கு மேல். ஜாப்ஸ் பிரிந்திருந்த காலத்தில் நிறுவிய நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்க, அவரும் அதனோடு திரும்பிவந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி பாஸ்டனில் ஆப்பிள் அபிமானிகள் கூடிய பெருங்கூட்டத்தில் நேர்ந்த காட்சி, இந்தச் சரித்திரத்தில் நான் பலமுறை எண்ணிப் பார்க்கும் காட்சி. மேடையில் ஜாப்ஸ் சிறிய உருவமாக நிற்கிறார். அவருக்குப் பின்னே உள்ள பெருந்திரையில், செயற்கைக்கோள் வழியாக, பில் கேட்ஸின் முகம் கூரையளவுக்கு எழுகிறது. மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் மதிப்புக்கு வாக்குரிமையற்ற பங்குகளை வாங்கும், ஐந்தாண்டுக்கு ஆபீஸ் மென்பொருளை மெக்கின்டோஷுக்குத் தொடர்ந்து எழுதும், இரு சாராரின் காப்புரிமைத் தகராறும் தீரும் என்ற அறிவிப்பு வருகிறது. மண்டபத்தில் ஏளனக் கூச்சல் எழுகிறது. ஆப்பிள் வாழ வேண்டுமானால் மைக்ரோசாப்ட் வீழ வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று தம் கூட்டத்தாரை நோக்கியே ஜாப்ஸ் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த உடன்பாடு தருமமன்று, பரஸ்பர அவசியம். ஆபீஸ் இல்லாத மெக்கின்டோஷை எந்த அலுவலகமும் வாங்காது. ஆப்பிள் மடிந்தால், அமெரிக்க அரசின் ஏகபோக விசாரணையின் பார்வையில் மைக்ரோசாப்ட் தன்னந்தனியாக நின்றிருக்கும்.

அந்த விசாரணையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யந்திரத்தில் விண்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனக்குக் கட்டணம் தர வேண்டும் என்று மைக்ரோசாப்ட் செய்துகொண்டிருந்த ஒப்பந்தங்களை 1994இன் சமரச ஏற்பாடு தடுத்தது. 1998இல் அரசு தொடுத்த பெருவழக்கில், நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க வேண்டுமென்று 2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்பீல்டு ஜாக்சன் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளவை ரத்து செய்தது. உடல் பிளவுபடவில்லை என்றாலும், அடுத்த பத்தாண்டில் பிறர் புதிதாக முளைத்தெழ இடம் கிடைத்ததற்கு அவ்வழக்கு விதித்த அடக்கமும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

அவ்வாறு முளைத்தவற்றுள் ஆப்பிளின் மறுபிறப்பும் ஒன்று. 2001இல் ஐபாட் வந்தது; 2003 அக்டோபரில் அதன் இசைக்கடையை விண்டோஸ் யந்திரங்களுக்கும் ஆப்பிள் திறந்துவிட்டது. எதிரியின் ராஜ்யத்திலேயே கடை விரித்ததன் பிறகுதான் ஐபாட் பெருகிற்று. 2007இல் ஐபோன், 2008 ஜூலையில், பிறர் எழுதிய செயலிகளை விற்கும் கடை. அக்கடையில் விற்கும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு முப்பது ஆப்பிளுக்கு என்று விதி செய்யப்பட்டது. எழுதுபவர் எவராயினும், ஓடுவது எதுவாயினும், வரி ஒருவருக்கே. கேட்ஸ் 1981இல் கண்ட உபாயத்தை ஜாப்ஸ் தம் வழியில் கண்டுகொண்டார்.

அதே காலத்தில், உலகம் அவ்வளவாகக் கவனிக்காத மற்றொரு மாற்றம் ஆப்பிளுக்குள் நிறைவேறியது. வெள்ளைச் சுவர் எழுப்பிய பிரிமான்ட் தொழிற்சாலை 1992இலேயே மூடப்பட்டுவிட்டது. கொலராடோவில் இருந்தது 1996இல் விற்கப்பட்டது. 1998இல் வந்துசேர்ந்த டிம் குக், கிடங்குகளைக் குறைத்து, பூட்டும் வேலையில் பெரும்பகுதியை ஆசியாவின் ஒப்பந்த உற்பத்தியாளரிடம் மாற்றும் ஏற்பாட்டைப் பூர்த்தி செய்தார். சித்திரம், சில்லின் வடிவமைப்பு, இயங்குதளம், கடை இவை கையில். வார்ப்பதும் பூட்டுவதும் பெட்டியிடுவதும் பிறர் கையில். தமிழர்களாகிய நமக்குச் சிறு செய்தி ஒன்று: மெக்கின்டோஷ் திரையில் நாம் படிக்கும் இணைமதி முதலிய தமிழ் எழுத்துருக்கள், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்தவை. எல்லாவற்றையும் தானே வடிப்பதாகச் சொல்லும் நிறுவனத்தின் திரையில் நம் எழுத்துக்கு அழகு செய்தவர் நம்மவர் ஒருவர் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

மைக்ரோசாப்டுக்கோ கைப்பேசி உலகில் பழைய யுக்தி பலிக்கவில்லை. கைப்பேசி செய்வோருக்கு இயங்குதளத்தை உரிமக் கட்டணத்துக்கு விற்க அது முயன்றபோது, கூகுள் ஆண்ட்ராய்டை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் ஈட்டுபவருக்கு இயங்குதளத்தில் ஈட்ட வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. செய்வதறியாது மைக்ரோசாப்ட், தனக்குப் பழக்கமில்லாத ஆப்பிளின் பாதையில் இறங்கி, 2013 செப்டம்பரில் பின்லாந்தின் நோக்கியாவிடமிருந்து கைப்பேசித் தொழிலை ஏறத்தாழ 720 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2015 ஜூலையில் அந்தக் கொள்முதலின் பொருட்டு 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித்தள்ளி, 7,800 பேர் வரை வேலையிழப்பர் என்றும் அறிவித்தது. ஒப்பந்தத்தில் பேசிய விலையைவிட நஷ்டமாகத் தள்ளியது பெரிது.

பின்னர் அந்நிறுவனம் மீண்ட விதம் யாவரும் அறிந்தது. 2014 பிப்ரவரியில் தலைமையேற்ற சத்யா நாதெல்லாவின் காலத் தொடக்கத்திலேயே, மார்ச்சில், ஆபீஸ் மென்பொருள் ஆப்பிளின் ஐபேடில் வெளிவந்தது; 1985இல் போலவே எதிரியின் யந்திரத்துக்கு எழுதுவதில் மைக்ரோசாப்ட் மீண்டும் தன் வேலையைக் கண்டது. மறுபுறம் அஷூர் என்ற பெயரில் பிறருக்காகக் கணிப்பொறிக் கூடங்களை நடத்தும் தொழில் பெருகிற்று. இப்போது கணக்கைப் பாருங்கள். 2023 நிதியாண்டில் ஆப்பிளின் வருவாய் 38,330 கோடி டாலர், நிகர இலாபம் 9,700 கோடி. மைக்ரோசாப்டின் வருவாய் 21,190 கோடி, இலாபம் 7,240 கோடி. நூறு டாலர் விற்றால் ஆப்பிளுக்கு நிற்பது இருபத்தைந்து, மைக்ரோசாப்டுக்கு முப்பத்துநான்கு. படியெடுத்தல் என்னும் பழைய பலம் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு, நிலம், கட்டடம், யந்திரம் முதலிய சொத்துக்களுக்கென்று மைக்ரோசாப்ட் செலவிட்டது சுமார் 4,450 கோடி டாலர். ஆப்பிள் செலவிட்டது 950 கோடிக்கும் குறைவு. தொழிற்சாலையே வேண்டாதிருந்த நிறுவனம் இன்று மண்ணைத் தோண்டுகிறது, மின்சாரத்துக்கு அலைகிறது, சில்லுகளுக்குப் பிறர் வாசலில் நிற்கிறது. தொழிற்சாலையின் சுவர் வர்ணத்தையும் தானே தேர்ந்த நிறுவனம் பெரும்பாலும் பிறர் கூரைகளின் கீழ்ப் பொருள் செய்விக்கிறது.

அக்கூரைகளில் சில நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளன. இந்த ஒப்பீட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு இடமுண்டு என்பதனால்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன். நோக்கியா அங்கே 2006இல் தொடங்கிய ஆலையில், சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், கோடிக்கணக்கான கைப்பேசிகளைப் பூட்டி உலகுக்கு அனுப்பினார்கள். 2013இல் வருமான வரித்துறை அவ்வாலையின்மீது ஒரு பெருங்கோரிக்கை எழுப்பியது. எதன் பொருட்டு? ஒவ்வொரு கைப்பேசியிலும் ஏற்றப்பட்ட மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குச் சென்ற கட்டணத்தில் வரி பிடிக்கவில்லை என்பதற்காக. படிக்குப் படி கட்டணம் என்று 1976இல் அல்புகர்க்கியில் எழுந்த உரிமை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரி வழக்காக வந்து நின்றது. வழக்கு தீராததால் ஆலைச் சொத்து முடக்கப்பட்டிருந்தது; 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை ஏற்றபோது இவ்வாலையை விட்டுவிட்டே ஏற்றது. சில காலம் ஒப்பந்தத்தின்பேரில் கைப்பேசி வாங்கிக்கொண்டு, பிறகு அதையும் நிறுத்தியது. 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு உதிரிபாகம் செய்துவந்த பாக்ஸ்கானின் ஆலையும் அடுத்த மாதமே மூடியது.

ஐந்தாறு ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் மீண்டும் தழைத்து, ஆப்பிளின் ஐபோன்களைப் பூட்டத் தொடங்கியது. நோக்கியாவின் மூடிய ஆலையைச் சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. மின்னேற்றிகள் செய்து ஆப்பிளுக்கு வழங்கும் நிறுவனம் அது. இரு பகைவரில் ஒருவர் ஏற்காது விட்ட கூரையின் கீழ், மற்றவரின் பொருளுக்கு வேண்டிய வேலை நடக்கலாயிற்று. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற, அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடிக்கிடந்தது, அதனைத் தற்காலிகக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் அறிவித்தது. அதுவரை ஆப்பிளின் பெயருக்கும் அந்தப் பெண்கள் உண்ட சோற்றுக்கும் நடுவே எத்தனை ஒப்பந்தங்கள் நின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஆப்பிள் பாக்ஸ்கானை அமர்த்தியது, பாக்ஸ்கான் ஆள் வழங்குவோரை அமர்த்தியது, அவர்கள் விடுதியையும் சமையலையும் வேறொருவரிடம் விட்டார்கள். சாலையில் வந்து அமர்ந்தபோதுதான் அத்தனை ஒப்பந்தங்களையும் ஊடுருவி அவர்களுடைய குரல் கலிபோர்னியாவில் கேட்டது.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், அப்பெண்களைப் போன்ற தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ஆப்பிளுமன்று, பாக்ஸ்கானுமன்று. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு. அது நல்ல காரியம், செய்யத்தக்கதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் பிறர் கையில் விட்ட காரியங்களின் செலவை இறுதியில் யார் ஏற்கிறார் என்பதற்கு அது துலக்கமான சாட்சி. ஆப்பிளின் இலாபக் கணக்கில் அந்த விடுதிக்கு ஒரு பதிவும் இல்லை. நம்முடைய கணக்கில் உண்டு.

பொருளாதாரம் பயிலும் மாணவர்களை நான் வேண்டிக்கொள்வது இது. இந்த இரு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆய்வேடுகள் எழுதப்பட்டுவிட்டன. மறுபாதிக்கு உரிய ஆவணங்கள் இங்கே, நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் தொழிற்சங்கங்கள் கையெழுத்திட்ட ஊதிய ஒப்பந்தங்கள், ஆலை நுழைவுச் சீட்டுகள், சம்பளச் சீட்டுகள், விடுதிக் கணக்குகள், பேருந்துத் தடங்களின் பட்டியல்கள். 2014இல் நோக்கியாவை விட்டு வெளியேறியவர்கள் அன்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள்; இன்று முப்பதைக் கடந்து, காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். கைப்பேசி பூட்டக் கற்ற அந்த விரல்கள் பிறகு எந்த வேலைக்குப் போயின, இழப்பீடாகப் பெற்ற தொகை எதற்குச் செலவாயிற்று, அவர்களுள் எத்தனை பேரால் ஐபோன் ஆலைக்குத் திரும்ப முடிந்தது, எத்தனை பேருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மறுத்தார்கள் என்பவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உண்டு. அப்பணியை இந்தப் பல்கலைக்கழகம் மேற்கொள்ளுமானால், முதலில் செல்ல வேண்டிய கிராமங்களைச் சொல்லவும், உடன் வரவும் நான் சித்தமாக இருக்கிறேன்.